தெவிட்டாத கசடு

எஃகு ஆலையில் லேடிலை உடைக்கும் நாளைத் தவறவிடக் கூடாது என்று நினைப்பவன் நான். உருகிய எஃகை ஏந்திப் போகும் அந்தப் பெருங்கலம் பல நடை உழைத்துவிட்டு, ஆறி, பக்கவாட்டில் படுத்திருக்கும். உள்சுவர்க் கற்களைக் கடப்பாரையால் பெயர்த்தெடுப்பார்கள். எஃகு நின்ற பகுதியில் இருந்த கற்கள் பெரும்பாலும் வைத்த வடிவிலேயே வரும். அதற்கு மேலே, கசடு மிதந்த உயரத்தில், சுவரைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடியிருக்கும். ஒரு சாண் கனத்தில் வைத்த கல் அந்த இடத்தில் நாலு விரல் கனத்துக்குத் தேய்ந்து நிற்கும்.

முதல் முறை அதைப் பார்த்தபோது, உடைக்கும் குழுவின் மேஸ்திரி பெயர்த்த கல் ஒன்றை என் முன்னால் வைத்துச் சொன்னார்: "மெட்டல் ஒண்ணும் பண்ணல சார். ஸ்லாக்குதான் கல்லைத் தின்னுடுது." தின்கிறது என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் இந்தத் துறையின் மையத்துக்கே போய்விடலாம் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அந்தக் கல்லின் பெரும்பகுதி மக்னீசியா, அதாவது மக்னீசியம் ஆக்சைடு. அதன் உருகுநிலை 2800 டிகிரி செல்சியசை ஒட்டியது. லேடிலில் இருக்கும் எஃகின் வெப்பம் 1600 டிகிரி அளவுதான். இடையில் 1200 டிகிரி இருக்கிறது. உருகுநிலையை மட்டும் பார்த்தால் அந்தக் கல் தேயவே கூடாது. ஆனால் உருகுநிலை என்பது ஒரு பொருள் தனியே இருக்கும்போது காட்டும் குணம். உலைக்குள் எந்தப் பொருளும் தனியே இருப்பதில்லை.

சர்க்கரை உருக 180 டிகிரிக்கு மேல் வேண்டும். தேநீரின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஆனாலும் சர்க்கரை அதில் காணாமல் போகிறது. உருகிப் போகவில்லை, கரைந்து போகிறது. உலைக்கல்லின் அரிப்பும் பெரும்பாலும் இதுதான். கசடு என்பது சுண்ணாம்பு, சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு போன்றவை சேர்ந்துருகிய திரவம். அந்தத் திரவத்துக்கு மக்னீசியாவைக் கரைத்துக்கொள்ள இடம் இருந்தால், கல்லிலிருந்து எடுத்துக்கொள்ளும். இடம் நிரம்பிவிட்டால் எடுக்காது. பள்ளி வேதியியலில் 'தெவிட்டிய கரைசல்' என்று படித்தோம். இதற்குமேல் வேண்டாம் என்று வயிறு நிறைந்தவரைச் சொல்லும் சொல்லையே நம் பாடநூல்காரர்கள் கரைசலுக்கும் எடுத்துக்கொண்டார்கள். மேஸ்திரி சொன்ன தின்பதும் பாடநூல் சொல்லும் தெவிட்டுவதும் ஒரே பசியின் இரண்டு முனைகள். அந்தப் பசி எவ்வளவு என்று அளந்து சொல்வதுதான் நிலைமை வரைபடம்.

சுண்ணாம்பு 2570 டிகிரிக்கு மேல் உருகும். அலுமினா 2050-ஐ ஒட்டியும், சிலிக்கா 1720-ஐ ஒட்டியும் உருகும். இந்த மூன்றையும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் (சிலிக்கா 62, சுண்ணாம்பு 23, அலுமினா 15 விழுக்காடு அளவில்) கலந்தால் கலவை 1170 டிகிரியிலேயே திரவமாகிவிடுகிறது. மூவரில் மிக எளிதாக உருகுபவரைவிடவும் 550 டிகிரி கீழே. இப்படிப்பட்ட மிகத் தாழ்ந்த உருகுபுள்ளியை யூடெக்டிக் என்பார்கள். சாதாரண களிமண் உலைக்கல் அலுமினாவும் சிலிக்காவும் சேர்ந்தது. சுண்ணாம்பு மிகுந்த கசடு அதைத் தொட்டால் மூன்றாவது ஆளும் வந்து சேர்ந்ததாகிவிடும். பிறகு அந்தக் கல் நிற்க வழியில்லை.

இந்த எண்களை யார், எப்படிக் கண்டார்கள் என்பதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. அடிப்படை விதியைத் தந்தவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசையா வில்லார்ட் கிப்ஸ். 1876-இலும் 1878-இலும் இரண்டு பகுதிகளாக வந்த அவருடைய நீண்ட கட்டுரை, எத்தனை கூறுகள் சேர்ந்தால் எத்தனை நிலைமைகள் ஒரே சமயத்தில் சமநிலையில் இருக்க முடியும் என்பதற்கு ஒரு சிறு சமன்பாட்டைக் கொடுத்தது. நிலைமை என்றால் படிகம், திரவம், வாயு என்று எல்லை காட்டிப் பிரிக்கக்கூடிய ஒரு சீரான பகுதி. விதி வந்துவிட்டது. ஆனால் எந்தக் கலவை எந்த வெப்பத்தில் உருகும் என்பதை விதி சொல்லாது. அதை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க வேண்டும்.

வாஷிங்டனில் கார்னகி நிறுவனம் தொடங்கிய புவி இயற்பியல் ஆய்வகம் அதைச் செய்தது. எரிமலைப் பாறைகள் எப்படி உறைந்தன என்று அறிவதே அவர்கள் நோக்கம். அவர்களுடைய முறை எளிமையானது. பொறுமைதான் அதற்கு முதல். அளந்து கலந்த ஆக்சைடுத் தூளில் ஒரு சிட்டிகையைப் பிளாட்டினத் தகட்டில் பொதிந்து, உலையின் நடுவில் மெல்லிய கம்பியில் தொங்கவிடுவார்கள். குறித்த வெப்பத்தில், சமநிலை வரும் வரை, மணிக்கணக்கில் அது தொங்கும். பிறகு கம்பியில் மின்சாரம் பாய்ச்சி அதை அறுத்துவிட்டால், பொதி கீழே இருக்கும் பாதரசத்தில் விழுந்து நொடியில் குளிரும். உலைக்குள் திரவமாக இருந்தது படிகமாக அவகாசம் இல்லாமல் கண்ணாடியாக உறைந்துவிடும். படிகமாக இருந்தது படிகமாகவே இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த வெப்பத்தில் எது எந்த நிலையில் இருந்தது என்று தெரிந்துவிடும். இவ்வளவும் செய்தால் வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கலாம். 1915-இல் ரான்கினும் ரைட்டும் வெளியிட்ட சுண்ணாம்பு–அலுமினா–சிலிக்கா முக்கோணப் படத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட சோதனைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. போர்ட்லண்ட் சிமெண்டின் உட்கூறுகளைத் தெளிவாக்கியதும் இந்தப் படம்தான். பாறையைப் படிக்கப் போனவர்களின் உழைப்பு சிமெண்டுக்கும் உலைக்கல்லுக்கும் எஃகுக்கும் வந்து சேர்ந்தது.

படம் உலைக்காரருக்கு என்ன கொடுத்தது என்பதற்குச் சிலிக்காக் கல்லைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் உலகின் எஃகில் பெரும்பகுதி ஓப்பன் ஹார்த் உலைகளில் உருவானது. அவற்றின் வளைகூரை சிலிக்காக் கல்லால் கட்டியது. கூரையின் அடிப்பக்கம் 1650 டிகிரியில் நிற்கும். சிலிக்கா உருகும் வெப்பத்துக்கு அங்கிருந்து 70 டிகிரிதான் மிச்சம். இத்தனை நெருக்கத்தில் டன் கணக்கான எடையைத் தாங்கிக்கொண்டு ஒரு கூரை நிற்பதே வியப்பு. அதைவிட வியப்பு, அந்தக் கல்லைப் பிணைக்க உற்பத்தியாளர்கள் 2 விழுக்காடு அளவுக்குச் சுண்ணாம்பைச் சேர்த்தார்கள் என்பது. சுண்ணாம்பு சிலிக்காவை உருகச் செய்யும் பொருள். அதை வேண்டுமென்றே கலந்தும் கல் நின்றது. இதற்கு மாறாக, மூலப்பாறையில் 1 விழுக்காடு அலுமினா இயல்பாகக் கலந்திருந்தாலே கூரை தளர்ந்து வழிந்தது.

இங்கேதான் துலாக்கோல் கணக்கு வருகிறது. ஒரு கலவையில் எவ்வளவு திரவம், எவ்வளவு திண்மம் என்று அறிய, வரைபடத்தில் அந்த வெப்பத்துக்கு ஒரு கிடைக்கோடு போடுகிறோம். கோட்டின் ஒரு முனை திண்மம், மறுமுனை திரவம், நடுவில் நம் கலவை. திரவத்தின் முனை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு குறைவாகத் திரவம் உண்டாகும். ஒரு தட்டு தூரம் போகப் போக அதில் வைக்கும் எடை குறைந்தால்தானே துலாக்கோல் நேராக நிற்கும்.

அலுமினா–சிலிக்கா படத்தில் முதல் திரவம் 1590 டிகிரியை ஒட்டி, 5.5 விழுக்காடு அளவு அலுமினாவுடன் பிறக்கிறது. ஆகவே 1 விழுக்காடு அலுமினா உள்ள கல்லில் அந்த வெப்பத்திலேயே ஏறக்குறைய 18 விழுக்காடு திரவம். 1650 டிகிரிக்குப் போனால் திரவத்தின் முனை இன்னும் அருகே, 3 விழுக்காடு அளவுக்கு வந்துவிடுகிறது. கல்லில் மூன்றில் ஒரு பங்கு திரவமாகிவிடும். அப்படி ஒரு கல்லைக் கூரையில் வைக்க முடியாது.

சுண்ணாம்பு–சிலிக்கா படம் வேறு கதை சொல்கிறது. சிலிக்கா மிகுந்த பக்கத்தில் உருகிய திரவம் ஒன்றாக இருப்பதில்லை. எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒன்று ஏறக்குறையத் தூய சிலிக்கா. மற்றதில் சுமார் 28 விழுக்காடு சுண்ணாம்பு. இந்தப் பிரிவினையை விரிவாக ஆராய்ந்து 1927-இல் வெளியிட்டவர் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த கிரெய்க். இதனால், 1700 டிகிரிக்குச் சற்றுக் கீழே திண்ம சிலிக்காவோடு சேர்ந்திருக்கும் திரவத்தின் முனை 28-க்கு அப்பால் போய்விடுகிறது. 2 விழுக்காடு சுண்ணாம்பு தரும் திரவம் 7 விழுக்காடுதான். இரும்பு ஆக்சைடுக்கும் சிலிக்காவோடு இதே வகைப் பிரிவினை உண்டு என்பதால் இரும்புத் தூசி படிந்த கூரையும் ஓரளவு தாங்கியது. அலுமினா இன்னொரு கெடுதலும் செய்கிறது: அது கலந்தால் இந்த இரட்டைத் திரவப் பகுதியே சுருங்கி மறைந்துவிடும். தன் பங்குக்கு உருக்குவதோடு, சுண்ணாம்பைக் கட்டிவைத்திருந்த வேலியையும் எடுத்துவிடுகிறது. இதையெல்லாம் படம் காட்டிய பிறகு, அலுமினாவும் காரங்களும் சேர்ந்து அரை விழுக்காட்டைத் தாண்டாத சிலிக்காக் கல் தனி ரகமாக வந்தது. அரை விழுக்காடு என்பது கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. 70 டிகிரி விளிம்பில் நிற்கும் கூரைக்கு அதுவே எல்லாம்.

இரும்பு ஆக்சைடு ஒவ்வொரு கல்லிடமும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்கிறது. களிமண் கல்லின் சிலிக்காவோடு சேர்ந்தால் 1200 டிகிரிக்கும் கீழே உருகும். மக்னீசியாவோடு சேர்ந்தால் உருகுவதில்லை. படிகத்துக்குள்ளேயே போய்க் குடியேறிவிடுகிறது. இரண்டும் பாதிக்குப் பாதி கலந்தாலும் 1600 டிகிரியில் திண்மமாகவே நிற்கும். இரும்பு ஆக்சைடு நிறைந்த கசடைக் கையாளும் எஃகு உலைகள் மக்னீசியாவை நம்பியிருப்பதன் காரணம் இந்த ஒரு படத்தில் இருக்கிறது.

மக்னீசியாவைப் பற்றிப் பேசும்போது சேலத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. சேலத்திலிருந்து ஓமலூர் போகும் வழியில் வெளிறிக் கிடக்கும் அந்தக் குன்றுகளில் கிடைப்பதை ஊரார் வெள்ளைக்கல் என்பார்கள். அது மக்னசைட், மக்னீசியம் கார்பனேட். கரும்பச்சைப் பாறைக்குள் வெண்ணிற நரம்புகளாக ஓடும். சுட்டால் எடையில் பாதிக்குமேல் கரியமில வாயுவாகப் போய்விடும், மிஞ்சுவது மக்னீசியா. தாய்ப்பாறை சிலிக்கேட் என்பதால் நரம்போடு சிலிக்காவும் ஒட்டிக்கொண்டு வரும், சுண்ணாம்பு குறைவு.

அசுத்தம் எவ்வளவு என்பதைவிட, அதில் சுண்ணாம்புக்கும் சிலிக்காவுக்கும் உள்ள விகிதம் என்ன என்பதே கல்லின் விதியைத் தீர்மானிக்கிறது. மக்னீசியா–சுண்ணாம்பு–சிலிக்கா முக்கோணத்தை வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். சுண்ணாம்பு இல்லாமல் சிலிக்கா மட்டும் இருந்தால் அது மக்னீசியாவோடு சேர்ந்து ஃபார்ஸ்டரைட் ஆகும். முதல் திரவம் 1850 டிகிரியை ஒட்டித்தான் வரும். நல்ல கல். அதில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ந்தால் மான்டிசெல்லைட் என்ற சேர்மம் தலைகாட்டும். முதல் திரவம் 1500 டிகிரியிலேயே வந்துவிடும். இன்னும் சேர்த்துக்கொண்டே போனால் மெர்வினைட், 1575 டிகிரி. சுண்ணாம்பின் எடை சிலிக்காவின் எடையைப்போல 1.87 மடங்கை எட்டிவிட்டால் டைகால்சியம் சிலிக்கேட் மட்டுமே மிஞ்சும். முதல் திரவம் மறுபடி 1800 டிகிரிக்கு ஏறிவிடும். இரண்டு கரைகளும் மேடு, நடுவே பள்ளத்தாக்கு. இரண்டு கற்களிலும் அசுத்தம் ஒரே 5 விழுக்காடாக இருக்கலாம். ஒன்று 1550 டிகிரியில் அசையாமல் நிற்கும். மற்றதில் மக்னீசியா மணிகளுக்கு இடையே திரவம் படர்ந்து பிணைப்பு அவிழும்.

சேலத்துக் கல் சுண்ணாம்பு குறைந்த கரையில் நிற்கிறது. தனியே பார்த்தால் அது பாதுகாப்பான இடம். ஆனால் எஃகுக் கசடு சுண்ணாம்பு மிகுந்தது. அது கல்லுக்குள் நுழைந்தால், கரையில் நின்ற கல்லைப் பள்ளத்தாக்குக்கு இழுத்துப் போகும். ஃபார்ஸ்டரைட் சுண்ணாம்பை வாங்கி மான்டிசெல்லைட்டாக மாறும். எஃகு உலைக்குப் போகும் மக்னீசியாவில் சிலிக்காவைக் குறைப்பதற்கு ஏன் இவ்வளவு பாடு என்றால் காரணம் இதுதான். கல்லைத் தனியே சுட்டுச் சோதிப்பவர் இதைக் காணமாட்டார். கல்லையும் கசடையும் ஒரே படத்தில் வைப்பவர்தான் காண்பார்.

இனி மேஸ்திரி காட்டிய பள்ளத்துக்குத் திரும்புவோம். கசடுக்கு மக்னீசியாப் பசி எவ்வளவு என்பது அதன் கூட்டையும் வெப்பத்தையும் பொறுத்தது. சுண்ணாம்பும் சிலிக்காவும் சம அளவில் உள்ள கசடு 1600 டிகிரியில் 20 விழுக்காடு அளவுக்குக்கூட மக்னீசியாவைக் கரைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு மூன்று மடங்காக இருந்தால் 8 விழுக்காடு அளவிலேயே தெவிட்டிவிடும். ஒரு லேடிலில் 10 டன் கசடு இருக்கிறது, அதில் மக்னீசியா 3 விழுக்காடு, தெவிட்டும் அளவு 8 விழுக்காடு என்று எடுத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் இன்னும் ஏறக்குறைய 540 கிலோ மக்னீசியா வேண்டும். கல் ஒன்று 10 கிலோ என்றால் 54 கற்கள். எஃகு லேடிலில் இருக்கும் நேரத்துக்குள் முழுவதையும் அது தின்றுவிடாது. ஆனால் அந்தத் திசையில்தான் ஒவ்வொரு நிமிடமும் போய்க்கொண்டிருக்கும். சுட்ட டாலமைட்டையோ மக்னீசியாவையோ நாமே முன்கூட்டிப் போட்டுவிட்டால் கல்லுக்கு வேலை குறையும். பசித்து வருபவருக்கு வாசலிலேயே சோறு போடுவது போன்றது இது. ஆக்சிஜன் ஊதும் எஃகு உலைகளில் டாலமைட்டை ஊதலின் தொடக்கத்திலேயே போடுவதும் இந்தக் கணக்குதான்: தொடக்கத்தில் கசடில் சிலிக்கா மிகுதி, சுண்ணாம்பு இன்னும் கரையவில்லை, பசி உச்சத்தில் இருக்கிறது.

அளவு மீறினாலும் சிக்கல் உண்டு. தெவிட்டும் அளவைத் தாண்டிப் போட்ட மக்னீசியா படிகமாகவே நின்று கசடைக் கெட்டியாக்கும். கெட்டிக் கசடு எஃகிலிருந்து கந்தகத்தை எடுக்கத் தயங்கும். கல்லைக் காப்பாற்றுவதற்காக எஃகைக் கெடுக்க முடியாது. எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்பதை அனுபவம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் வரைபடம் ஒரு கோடு போட்டுக் காட்டுகிறது.

அந்தக் கோட்டை அப்படியே நம்பிவிடலாமா என்றால், முடியாது. வரைபடம் சமநிலையைச் சொல்கிறது. எவ்வளவு வேகத்தில் அங்கே போய்ச் சேரும் என்று சொல்வதில்லை. கல்லும் எஃகும் கசடும் கூடும் விளிம்பில் பரப்பு இழுவிசை வேறுபாட்டால் கசடுப் படலம் ஓயாமல் ஏறி இறங்குகிறது என்பதை ஜப்பானைச் சேர்ந்த குசுஹிரோ முகாய் நேரடியாகக் கண்காணித்துக் காட்டினார். கரைந்த இடத்தில் புதுக்கசடு வந்து மோதிக்கொண்டே இருந்தால் தேய்வு பன்மடங்காகும். பள்ளம் அந்த உயரத்தில் மட்டும் ஆழமாக ஓடுவதற்கு இந்த ஓட்டம் ஒரு பெரிய காரணம். அதை எந்த முக்கோணப் படத்திலும் தேட முடியாது. கல்லில் சேர்க்கும் கிராஃபைட்டும் அப்படித்தான். கசடு அதன்மேல் ஒட்டாது என்பதால்தான் அது காக்கிறது. அந்தக் கிராஃபைட் எரிந்துபோனால் காவலும் போய்விடும்.

படங்களும் மாறாதவை அல்ல. களிமண் கல்லின் உயிர்நாடியான முல்லைட் (அலுமினாவும் சிலிக்காவும் சேர்ந்த சேர்மம்) எப்படி உருகுகிறது என்பதே பல பத்தாண்டு வழக்கு. 1924-இல் போவனும் கிரெய்க்கும் அது 1810 டிகிரியில் சிதைந்து, அலுமினாவும் திரவமுமாகப் பிரிகிறது என்றார்கள். 1962-இல் அரமாகியும் ராயும் அது 1850 டிகிரியில் சிதையாமல் முழுதாக உருகுகிறது என்றார்கள். 1975-இல் அக்சேயும் பாஸ்க்கும் 1828 டிகிரி, சிதைந்துதான் உருகுகிறது என்று மறுபடி திருப்பினார்கள். இத்தனைக்கும் இது இரண்டே கூறுகள் கொண்ட படம். நடைமுறைக் கசடில் ஆறேழு கூறுகள். அதனால் இப்போது ஃபேக்ட்சேஜ் போன்ற மென்பொருள்கள் கிப்ஸின் சமன்பாடுகளைக் கொண்டு பல கூறுச் சமநிலையைக் கணித்துத் தருகின்றன. அவற்றின் தரவுத்தளத்தின் அடியில் இருப்பவையும் பாதரசத்தில் விழுந்த அந்தப் பொதிகளும் அவற்றின் வாரிசுகளும்தான்.

வரைபடத்தைக் கல்லுக்குள்ளேயே படிக்கும் வழியும் ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. வேலை செய்யும் கல்லின் முகம் 1600 டிகிரியில் இருக்கும். முதுகு அதைவிட வெகுவாகக் குளிர்ந்திருக்கும். முகத்திலிருந்து உள்ளே போகப் போக வெப்பம் இறங்குவதால், வரைபடத்தின் செங்குத்து அச்சே கல்லின் ஆழமாகப் படுத்துவிடுகிறது. 1400 டிகிரியில் முற்றிலும் உறையும் கசடு, கல்லுக்குள் 1400 டிகிரி நிலவும் ஆழம் வரை துளைகளின் வழியே ஊறிப் போய் நின்றுவிடும். ஊறிய பகுதி கெட்டித்து வேறு பொருளாகிவிட, அடுத்த முறை சூடேறி ஆறும்போது சரியாக அந்த எல்லையில் விரிசல் விட்டு முன்பகுதி பலகைபோலக் கழன்று விழும்.

அன்று உடைத்த லேடிலின் வேறொரு பகுதியில் அலுமினாக் கல் இருந்தது. அதில் ஒரு துண்டை அறுத்து, மெருகேற்றி, மறுமுறை போனபோது மேஸ்திரியிடம் காட்டினேன். கையடக்க உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து நீண்ட நேரம் பார்த்தார். ஓரத்தில் கசடின் கண்ணாடிப் பளபளப்பு. அடுத்து ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு அலுமினா சேர்ந்த மெல்லிய பட்டை. அதற்கு அடுத்து ஒன்றுக்கு ஆறு சேர்ந்த பட்டை. அதற்கும் உள்ளே மாறாத வெள்ளை அலுமினா. சுண்ணாம்பு–அலுமினா படத்தில் இடமிருந்து வலமாக எந்த வரிசையில் அச்சாகியிருக்கிறதோ, அதே வரிசையில் ஒரு மில்லிமீட்டர்கூட வராத கனத்தில் படிந்திருந்தது. இந்தப் பட்டை அடர்த்தியாக, விரிசலின்றி இருக்கும்வரை கசடு அலுமினாவை நேராகத் தொட முடியாது.

அவர் நகத்தால் அந்த எல்லையைத் தடவிவிட்டுக் கேட்டார்: "இதுல எதுவரைக்கும் ஸ்லாக்கு சார், எங்கிருந்து கல்லு?"

பட்டைகள் இரண்டையும் காட்டி, "இந்த இடம் ரெண்டுக்கும் சொந்தம், மேஸ்திரி" என்றேன். அவர் துண்டைத் திருப்பிப் பிடித்து வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்த்தார்.